பயன்பாட்டுச் சான்றிதழ்

இந்தப் படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
பதினைந்தை நிரப்பிவிட்டேன்.

வந்த அடுப்பு நூற்றெண்பது.
ஆறு புகுந்த வீடு இருநூற்று நாற்பது.
மீதி அறுபதைப் பற்றிக் கேட்டதற்கு
'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று பதில்.
முக்கூடலில் அடுத்த கட்டம் என்றால்
அடுத்த ஐப்பசி மழை.

செயலாளர் நான்தான்.
முந்தையவர் சம்பளம் வருகிற வேலைக்குச்
சென்னை போன மறுநாள்
சாவியும் முத்திரையும்
ஆறு மாத வாடகைப் பாக்கியும்
என் மேசையில் இருந்தன.
தீர்மானப் புத்தகத்தில் அதற்கு
'ஏகமனதாகத் தேர்வு' என்று பெயர்.

பட்டியல் போட்டேன்.
மதுரை ஓட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சியில்
சார்ட் பேப்பரில் வரைந்து காட்டியபடி
அளவுகோல், மதிப்பெண், எல்லாம்.
சுவரில் ஒட்டிய அன்று ராத்திரி
என் வாசலில் யாரோ
வெள்ளத்தில் நனைந்த பீடி இலையைக்
கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
இரண்டு கழுவுக்கும் போகாத நாற்றம்.

காலையில் மாசானத்தாய் வந்தாள்.
"கொட்டுனது நாந்தான் டீச்சர்.
அடுப்பு கெடக்கட்டும்.
ஆத்தோட போன இலைக்கும் தூளுக்கும்
கடைக்காரன் கூலியில பிடிக்கான்,
வாரம் எரநூறு.
அதுக்கு ஒங்க நோட்டுல எடம் இருக்கா?"

இல்லை.
அடுப்பு என்ற தலைப்பில் வந்த பணம்
அடுப்பாகத்தான் இருக்க வேண்டும்.
விளக்கிச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல
தணிக்கைக்காரர் குரல் என் வாயிலிருந்து வந்தது.
அவள் கடைசிவரை கேட்டுவிட்டு,
"ஒங்க வேன் நாளைக்குச் சும்மாதான நிக்கு?" என்றாள்.

சாவியைக் கொடுத்தேன்.
எதற்கென்று கேட்கவில்லை.

தொண்ணூறு அடுப்பு
பெட்டி பிரிக்காமலே
அம்பாசமுத்திரத்துப் பாத்திரக் கடைக்குப் போயிற்று.
வந்த பணத்தை மைதீன் பாத்து பிரித்தாள்.
பீடிக்கட்டு லேபிள்களின் பின்பக்கத்தில்
இருநூற்று நாற்பது பெயர்.
பட்டியலில் என்னைத் திட்டியவள் பெயரும்,
நான் மதிப்பெண் குறைத்தவள் பெயரும்.
ஒரு ரூபாய் பிசகவில்லை.
எங்கள் அலுவலகக் கணக்கு
நாலு வருஷமாக நேராகவில்லை.

தை மாதம் ஆய்வுக்கு அதிகாரி வந்தார்.
பத்து வீட்டை அவரே விரல் வைத்துத் தேர்ந்தார்.
அதில் ஆறு வீட்டில் அடுப்பு கிடையாது.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

முதல் வீட்டில் டீ.
இரண்டாம் வீட்டிலும் டீ.
மூன்றாம் வீட்டுக் கொல்லையில் பார்த்தேன்:
உடைமுள் வேலியைத் தாண்டிப்
பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றி
எங்களுக்கு முன்னால் ஓடுகிறது அடுப்பு.
பர்னர் ஆறுவதற்குள்
அடுத்த வீட்டில் பால் பொங்குகிறது.
குமிழுக்குப் பக்கத்தில் யாரோ ஒட்டிய
கிளி ஸ்டிக்கர்,
ஒரு சிறகு கிழிந்தது,
ஆறு வீட்டில் எங்களை வரவேற்றது.

எட்டாவது டம்ளரை வைத்துவிட்டு
"இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும்
ஒரே கை இஞ்சி" என்றார்.
அவ்வளவுதான்.
ஒன்பதாம் வீட்டில் அவர் கேட்டது
கழிப்பறை எங்கே என்று மட்டும்.

அவருக்குத் தெரியுமா?
கையெழுத்துப் போடும்போது
முகத்தைப் பார்த்தேன்.
எட்டு டீ குடித்த முகம்.

இப்போது மணி பதினொன்று.
பதினாறாம் கட்டம்: பயன்பெற்றோர் எண்ணிக்கை.
நூற்றெண்பது என்று எழுதினால் பொய்.
தொண்ணூறு என்றால் நான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.
இருநூற்று நாற்பது என்பது உண்மை,
ஆனால் கூட்டல் வராது.

விளக்கு எரிவதைப் பார்த்து
ஜன்னலில் நின்றாள் மாசானத்தாய்.
இடுப்பில் சுளகு,
விரலில் கறுத்த தூள்.
"இன்னுமா எழுதுதீக?
அடுத்த தடவ தார்ப்பாய்னு கேளுங்க டீச்சர்.
தார்ப்பாய் நல்ல வெலைக்குப் போவுது."

முத்திரையின் மை காய்ந்திருந்தது.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.